ஒரு பள்ளத்தாக்கும் ஒரு மருத்துவரும்

சென்ற வாரம் 1854-இல், லண்டன் பிராட் தெருக் குழாயடியில் ஜான் ஸ்னோவோடு நின்றோம். நெருக்கியடித்த மாநகரத்தில் காலராவின் ஊற்றைத் தேடினார் அவர். இந்த வாரம் போகப்போவது வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் யூர் ஆறு ஓடும் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கு. பாலாடைக்கட்டிக்குப் பேர்போன மண். ஆடு மேயும் சரிவுகள், கல் வீடுகள் கொண்ட சிற்றூர்கள், அவற்றையும் தாண்டினால் ஒன்றுக்கொன்று எட்டாத பண்ணைகள்.

இங்கே ஏய்ஸ்கார்த் என்ற ஊரில் 1913 முதல் வைத்தியம் பார்த்தவர் வில்லியம் பிக்கிள்ஸ். லீட்ஸ் நகரத்து மருத்துவர் வீட்டுப் பிள்ளை. முதல் உலகப் போரில் கடற்படை மருத்துவராகப் பணியாற்றித் திரும்பியபின், வாழ்நாளை அந்தப் பள்ளத்தாக்குக்கே கொடுத்துவிட்டார். 1926-இல் ஜேம்ஸ் மெக்கன்சி எழுதிய இதய நோய் நூல் அவர் கைக்கு வந்தது. பர்ன்லி என்ற ஆலை நகரத்தில் சாதாரணக் குடும்ப மருத்துவராக இருந்தபடியே இதயத் துடிப்பை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் மெக்கன்சி. நாற்பதைத் தாண்டியிருந்த பிக்கிள்ஸுக்கு அந்த நூல் ஒரு தூண்டுகோல். ஆய்வுக்கூடமோ உதவியாளர்களோ அவருக்கு இல்லை. இருந்ததெல்லாம் வீட்டுக்கு வீடு இருந்த பழக்கம்தான்.

மூன்று ஆண்டுகளில் அதற்கு வேலை வந்தது. 1929-இல் பள்ளத்தாக்கில் மஞ்சள் காமாலை பரவியது. சுமார் 5,700 பேர் வாழ்ந்த இடத்தில் 250 பேருக்குக் கண்டது. பித்தநாளத்தில் சளி அடைத்துக்கொள்வதால் வரும் கோளாறு என்பதுதான் அன்று மருத்துவ நூல்கள் சொன்ன விளக்கம். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது என்று பிக்கிள்ஸ் காட்டினார். யார் யாரோடு பழகினார், எந்தக் கிழமையில், எந்த இடத்தில் என்று விசாரித்துப் பின்னோக்கிப் போனபோது ஒரு சிறுமியிடம் வந்து நின்றார். ஊரில் கொண்டாட்டம் நடந்த நாளன்று காலையில் அவளைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவர் அவரேதான். அன்று அவள் எழுந்து நடமாடுவாள் என்று அவர் நினைக்கவில்லை. அவளோ பிற்பகலில் எழுந்து விழாவுக்குப் போய்விட்டாள். அவளிடமிருந்து நோய் தொற்றியவர்கள் 13 பேர்.

நகரத்தில் இது நடந்திருந்தால் அந்தக் கண்ணி அகப்பட்டிருக்காது. டிராமில், ஆலையில், சந்தில் ஒரு நாளைக்கு நூறு பேரை உரசிச் செல்பவன் எவரிடம் நோயை வாங்கினான் என்று யார் சொல்வது? தனிப் பண்ணையில் வாழ்பவர் எப்போதோ ஒரு நாள் ஹாஸ் ஊர்ச் சந்தைக்குப் போய்வந்தால், அந்த ஒரு நாள்தான் தொற்றிய நாள். அதிலிருந்து எண்ணினால் நோய் உடம்புக்குள் பதுங்கியிருக்கும் காலம் துல்லியமாகக் கிடைத்துவிடும். காமாலைக்கு 26 முதல் 35 நாட்கள் என்று கணக்கிட்டு, 1930-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். நோயாளியோடு பழகிய பிள்ளையை எப்போது கவனிக்க வேண்டும், எத்தனை நாள் பள்ளிக்கு அனுப்பாமல் வைக்க வேண்டும் என்பதற்கெல்லாம் இந்த எண்தான் அடிப்படை. தடுப்பு மருந்து இல்லாத காலத்தில் தடுப்பு என்பதே இந்த நாட்கணக்குதான்.

பெரியம்மை, காலரா, டிப்தீரியா போன்ற நோய்களை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1889-லேயே பிரிட்டனில் சட்டம் வந்திருந்தது. காமாலை அந்தப் பட்டியலில் இல்லை. சின்னம்மை, பொன்னுக்குவீங்கி, இன்ஃப்ளுயன்சா ஆகியவையும் இல்லை. பட்டியலில் இடம்பெறாத இந்த நோய்களையும் சேர்த்து, மனைவி கெர்ட்டியின் துணையோடு பிக்கிள்ஸ் நாள்தோறும் பதிவு செய்தார். பெரிய கட்டத்தாளில் ஒரு பக்கம் தேதிகள், மறுபக்கம் ஊர்கள், நோய்க்கு ஒரு நிறம். ஓர் ஊரில் தோன்றிய நிறம் அடுத்த ஊருக்கு எந்த வாரம் தாவியது என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

இதில் என்னை நெகிழவைப்பது அந்த ஊர் மக்கள். எங்கே போனோம், யாரைச் சந்தித்தோம் என்பதை அவர்கள் மறைக்காமல் சொன்னதால்தான் கட்டங்கள் நிரம்பின. கொரோனா காலத்தில் வீட்டு வாசலில் தகரம் அடித்தபோது நம் மக்கள் காய்ச்சலை மறைக்கத் தொடங்கியதை நினைத்துப் பாருங்கள். மிரட்டிப் பெறும் தகவல் அரைகுறையாகத்தான் இருக்கும். இரவில் கூப்பிட்டால் வந்து நிற்கும் மருத்துவரிடம் யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

1933-இல் இன்னொரு கண்டுபிடிப்பு. திடீரென விலாவைப் பிடித்திழுக்கும் வலியோடு வந்த காய்ச்சலை, டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவின் பெயரால் அழைக்கப்பட்ட நோய் என்று அடையாளம் கண்டு, பிரிட்டனிலும் அது உண்டு என்று எழுதினார். பதிவுகளின் சாரத்தை 1939-இல் ‘எபிடெமியாலஜி இன் கன்ட்ரி பிராக்டிஸ்’ என்ற சிறு நூலாக்கினார். அதே ஆண்டு மீண்டும் போர் மூண்டது.

போருக்குப் பின் பிரிட்டனின் குடும்ப மருத்துவர்கள் தங்களுக்கென ஒரு கல்லூரி அமைத்தபோது, 1953-இல் அதன் முதல் தலைவராக அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1969-இல் அவர் காலமானார். அவர் தேடிய காமாலையின் வைரஸ், ஹெபடைடிஸ் ஏ, மின்னணு நுண்ணோக்கியில் அகப்பட்டது 1973-இல். அது உடம்பில் பதுங்கியிருக்கும் காலம் சராசரியாக 28 நாட்கள் என்கின்றன இன்றைய மருத்துவ நூல்கள்.

(தொடரும்)