காகிதத்தில் ஏறாத மொழி

என் பெற்றோர் இருவருக்கும் காது கேட்காது. நாக்கு திரும்பும் முன்பே கையால் சோறு கேட்கப் பழகியவள் நான். இன்று சைகை மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். அம்மா படித்த பள்ளியில் வகுப்பு நேரத்தில் கை அசைந்தால் ஸ்கேலால் அடி விழுமாம். ஆசிரியரின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும், வாயால்தான் பதில் சொல்ல வேண்டும். இரவு விடுதியில் விளக்கு அணையும் வரைதான் பிள்ளைகளின் சொந்தப் பேச்சு. அந்த அடிக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில், காதுகேளாதோர் கல்வி பற்றிய மாநாடு ஒன்று கூடியது. வந்திருந்த 164 பேரில் ஒரே ஒருவர்தான் காதுகேளாதவர். சைகையைவிடப் பேச்சே மேல் என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல பள்ளிகள் சைகையை விலக்கின. காதுகேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். மாநாட்டின் உரைகள் அச்சாகி நூலகங்களில் இருக்கின்றன. வேலை போன ஆசிரியர்கள் தங்களுக்குள் கையால் பேசிக்கொண்டது எங்கும் பதிவாகவில்லை. தீர்ப்பு வழங்கியவர்களின் பேச்சு மட்டும் ஆவணமாக மிஞ்சியது.

இதைத் தெளிவாகக் கண்டுகொண்டவர் ஜார்ஜ் வெடிட்ஸ். எட்டு வயதில் காய்ச்சலால் செவித்திறனை இழந்தவர். 1904 முதல் 1910 வரை அமெரிக்கக் காதுகேளாதோர் தேசியச் சங்கத்தின் தலைவர். சைகையைக் காகிதத்தில் எழுதிவைக்க முடியாது என்றால், அப்போது புதிதாக வந்திருந்த சினிமாவில் பிடித்து வைக்கலாம் என்று எண்ணினார். சங்கம் 5,000 டாலர் திரட்டியது. அழகாகச் சைகை செய்யும் மூத்தவர்களைத் தேடிப் பிடித்து, 1910 முதல் படமாக்கியது. 1913இல் வெடிட்ஸே கேமரா முன் நின்று, சைகை மொழியைக் காக்க வேண்டியதன் அவசியத்தைச் சைகையிலேயே பேசினார். 2010இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அந்தப் படத்துக்கு இடம் கிடைத்தது.

இந்தப் படங்களைக் காத்துவருவது வாஷிங்டனில் உள்ள காலடெட் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகம். காதுகேளாதோருக்கான அந்தக் கல்லூரி பட்டம் வழங்கலாம் என்ற சட்டத்தில் 1864இல் கையெழுத்திட்டவர் ஆபிரகாம் லிங்கன். அதன் முதல் தலைவர் எட்வர்ட் மைனர் காலடெட்டுக்குக் காது கேட்கும். ஆனால் அவருடைய தாய் சோஃபியா காதுகேளாதவர். மிலானில் சைகைக்காக வாதாடியவர்களில் எட்வர்டும் ஒருவர். சங்கத்தின் படமொன்றில் அவரும் சைகை செய்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஜான் ஹாட்ச்கிஸ் தன் இளமைக்கால ஹார்ட்ஃபர்ட் பள்ளியை நினைவுகூரும் 1913ஆம் ஆண்டுப் படம். 1816இல் பாரிஸிலிருந்து கப்பலேறி வந்து, அடுத்த ஆண்டு ஹார்ட்ஃபர்ட்டில் அந்தப் பள்ளி தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர் லோரான் கிளெர்க். 1869இல் இறந்த அவரைச் சினிமா எட்டவில்லை. ஆனால் முதிய கிளெர்க்கை நேரில் பார்த்த மாணவரின் கைகளை எட்டிவிட்டது.

படங்களோடு கடிதங்கள், புகைப்படங்கள், காதுகேளாதோர் நடத்திய பத்திரிகைகள், 1988இல் காதுகேளாத ஒருவரே தலைவராக வேண்டுமென்று மாணவர்கள் கல்லூரி வாயிலை அடைத்து நடத்திய போராட்டத்தின் ஆவணங்கள் என்று பலவும் அங்கே சேர்ந்திருக்கின்றன. கடிதத்தை எழுத்தறிந்த யாரும் படிக்கலாம். நூறாண்டுக்கு முந்தைய சைகையைப் படிக்க, பழைய சைகைகள் தெரிந்த கண் வேண்டும். அப்போது இரு கைகளால் செய்த சில இன்று ஒரு கைக்குச் சுருங்கிவிட்டன. அதனால், மொழி தெரிந்தவர் இல்லாத காப்பகத்தில் இந்தப் படம் இருந்தும் பயனில்லை.

காப்பகம் வைத்திருக்கும் சமூகமும் தன் மக்களில் சிலரை மறக்கும். காலடெட் வளாகத்துப் பள்ளி நெடுங்காலம் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. லூயிஸ் மில்லர் என்ற தாய் வழக்குத் தொடுத்து 1952இல் வென்ற பிறகும், அவர்களைத் தனிக் கட்டிடத்தில்தான் உட்காரவைத்தார்கள். அப்படிப் படித்த 24 பேருக்கு உரிய பள்ளிச் சான்றிதழ் 2023 ஜூலையில்தான் வழங்கப்பட்டது. அதைப் பெறப் பலர் உயிரோடு இல்லை. தென் மாநிலங்களில் தனிப் பள்ளிகளில் வளர்ந்த கறுப்பினத்தவரின் சைகையை, கேரலின் மெக்காஸ்கிலும் உடன் ஆய்வாளர்களும் முதியவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2011இல் நூலாக்கினார்கள். வெடிட்ஸ் தொடங்கி வைத்த வேலையில் விடுபட்டுப்போன பக்கம் அது.

வெடிட்ஸின் படத்தை அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். அமெரிக்கச் சைகை வேறு, நம்முடையது வேறு. அவருக்குச் சொற்கள் பிடிபடவில்லை. "கோபமாக இருக்கிறார், ஆனால் கெஞ்சவில்லை" என்றார். நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் முகம் பார்த்தே சொல்லிவிட்டார்.

இந்தியச் சைகை மொழிக்கென மத்திய அரசு 2015இல் ஒரு மையம் தொடங்கியது. 2018இல் 3,000 சொற்களோடு அதன் அகராதி வந்தது. அகராதி சொற்களைக் காக்கும். விடுதிக் கதைகள், ஊருக்கு ஊர் மாறும் சைகைகள், அடிபட்ட நினைவுகள் அதில் ஏறா. பாளையங்கோட்டையில் காதுகேளாத பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. முதல் தலைமுறை மாணவர்களின் கைகளைப் பார்க்க இனி வழியில்லை. மிஞ்சியிருக்கும் முதியவர்களையாவது விட்டுவிடக் கூடாது. உங்கள் வீட்டில், தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் சம்மதத்தோடு கைப்பேசியில் படம் எடுங்கள். இரு கைகளும் முகமும் சட்டகத்துக்குள் இருக்கட்டும். பெயர், ஊர், படித்த பள்ளி, ஆண்டு ஆகியவற்றைக் குறித்து, உள்ளூர்க் காதுகேளாதோர் சங்கத்திடம் ஒரு பிரதி கொடுங்கள். அந்தப் பிரதிகளை வாங்கி வைக்க நம் பல்கலைக்கழகங்களில் ஒன்றாவது முன்வர வேண்டும்.