வெளியூர் செல்லும் மின்சாரக் காரும் பொது மின்னேற்று நிலையங்களும்

மின்சாரக் கார்கள் நமது வீதிகளுக்குப் புதியவையல்ல. ஒரு தசாப்தத்திற்கு முன்னரே ஜப்பானின் நிசான் லீஃப் கார்கள் இங்கு வந்துவிட்டன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டதையடுத்து சீனத் தயாரிப்புகளும் வந்து சேர்ந்துள்ளன. இரவில் சொந்த வீட்டில் மின்னேற்றி, பகலில் ஓடித் திரும்புவோருக்குச் சிரமமில்லை. மட்டக்களப்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி கொழும்பை வந்தடைவோர் நிலைமையோ வேறு. அவர்கள் பொது மின்னேற்று நிலையங்களையே நம்பியிருக்க வேண்டியுள்ளது.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். 60 அலகு மின்சாரம் கொள்ளும் மின்கலத்தை 20 வீதத்திலிருந்து 80 வீதத்துக்கு உயர்த்த 36 அலகுகள் தேவை. 10 அம்பியர் பெறும் சாதாரண வீட்டு இணைப்பில் இதற்குச் சுமார் 16 மணித்தியாலங்கள் செல்லும். 7 கிலோவோற் மின்னேற்றியில் 5 மணித்தியாலங்கள் வரை செல்லும். 50 கிலோவோற் விரைவு மின்னேற்றியில் முக்கால் மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். 80 வீதத்தைத் தாண்டினால் மின்கலத்தைப் பாதுகாக்கும் பொருட்டு வேகம் வெகுவாகக் குறைகின்றது. எனவே அந்த அளவில் இடத்தை விட்டுக்கொடுப்பது, பின்னால் காத்திருப்பவருக்குச் செய்யும் உதவியுமாகும்.

அடுத்தது இணைப்பின் வகை. லீஃப் கார்கள் விரைவு மின்னேற்றத்துக்கு ஜப்பானின் சாடெமோ முறையைப் பயன்படுத்துகின்றன. மின்னேறும் வரை தேநீர் அருந்துவோமே என்ற பொருளும் தொனிக்குமாறு சூட்டப்பட்ட பெயர் இது. புதிய கார்கள் பல ஐரோப்பாவின் சி.சி.எஸ். 2 முறையைக் கொண்டவை. சீனாவின் உள்நாட்டுச் சந்தைக்கென உருவாக்கப்பட்டவற்றின் இணைப்பு இவ்விரண்டிலும் வேறுபட்டது. ஒன்றுக்குரியது மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆகவே நிலையம் இருக்கின்றது என்பதை அறிந்தால் மட்டும் போதாது. நமது காருக்குரிய இணைப்பு அங்குள்ளதா, அது இயங்குகின்றதா என்பதைப் புறப்படும் முன்னர் தொலைபேசியில் விசாரிப்பதே விவேகமானது.

நேரத் தெரிவும் முக்கியமானது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டின் மின் பாவனை உச்சத்தில் இருக்கும். பகலிலோ சூரிய மின்சாரம் மிஞ்சும் நாட்களும் உண்டு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது பகல் வேளையில் கூரைச் சூரிய மின்தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கோரியமை இதற்குச் சான்று. எனவே பகலில் மின்னேற்றுவது நாட்டுக்கும் நன்மை தரும்.

ஆயினும் பயணிகளின் விழிப்பு மட்டும் போதாது. 2024 ஏப்ரல் 13 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக நிறுவப்படும் 50 கிலோவோற்றும் அதற்கு மேற்பட்டதுமான பொது மின்னேற்றிகள் வங்கி அட்டையை ஏற்க வேண்டும். அங்கத்துவம் கேட்டு எவரையும் திருப்பியனுப்ப முடியாது. பிரித்தானியாவில் விரைவு மின்னேற்றி வலையமைப்புகள் சராசரியாக 99 வீத நேரம் இயங்க வேண்டுமென 2023 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் கூறுகின்றன.

நோயாளியை ஏற்றிக்கொண்டு மஹரகம வைத்தியசாலைக்கு வரும் குடும்பம், ஒவ்வொரு நிலையத்திலும் புதிய கைத்தொலைபேசிச் செயலியைத் தேடிக்கொண்டிருக்க இயலாது. விலையும் இணைப்பின் வகையும் மும்மொழிகளிலும் வாசலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்த வங்கி அட்டையும் செல்லுபடியாக வேண்டும். இவற்றை அனுமதிப்பத்திர நிபந்தனைகளாக்குமாறு உரியவர்களை நாம் வலியுறுத்துகின்றோம். கார்களை இறக்குவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. வெளியூரவரும் நம்பி வந்து திரும்பக்கூடியதாக வழியை அமைப்பதும் அக்கடமையின் பகுதியே.