மானுக்குக் கட்டாயம், மனிதருக்குத் தடை: விரியும் சன்னங்கள் பற்றி அறிந்திருக்க வேண்டியவை

போர் நடந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்குச் சன்னம் புதிய சொல் அல்ல. வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி விளையாடிய பிள்ளைகளும், உடலுக்குள் இன்னமும் உலோகத் துண்டைச் சுமந்து வாழ்பவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் எல்லாச் சன்னங்களும் ஒரே வகையானவை அல்ல. இங்கிலாந்தில் மானைச் சுடுவதற்குச் சட்டம் கட்டாயமாக்கியுள்ள சன்னத்தை, போரில் மனிதர் மீது பயன்படுத்துவதைச் சர்வதேச சட்டம் தடைசெய்கிறது. இந்த முரணுக்குக் காரணம் சன்னத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

வேட்டைக்காரரின் தெரிவு

ஒரு முழு ரவையில் நான்கு பகுதிகள் உண்டு: பித்தளைக் கோது, அதன் அடியில் தீ மூட்டும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, முன்னால் பறந்து செல்லும் சன்னம். அமெரிக்காவிலும் கனடாவிலும் வேட்டைக்காரர் பலர் சுட்டு முடித்த கோதுகளை மீண்டும் நிரப்பித் தமக்கான ரவைகளைத் தாமே தயாரிக்கிறார்கள். அவர்கள் அதிகம் யோசிப்பது எந்தச் சன்னத்தை வைப்பது என்பதைப் பற்றித்தான்.

மக்னம் வகைத் துவக்குகளில் இந்தத் தெரிவு மேலும் கடினம். 1963இல் அறிமுகமான .300 வின்செஸ்டர் மக்னம், 180 கிரெயின் (சுமார் 11.7 கிராம்) எடையுள்ள சன்னத்தை நொடிக்கு ஏறத்தாழ 900 மீற்றர் வேகத்தில் செலுத்தும். இந்த வேகத்தில் மென்மையான சன்னம் தோள் எலும்பில் பட்டவுடன் சிதறி, நுரையீரலை எட்டாமலே நின்றுவிடக்கூடும். மிகக் கடினமான சன்னமோ விரியாமல் மறுபக்கம் போய்விடும். இரண்டிலும் விலங்கு காயத்தோடு ஓடி, வதைபட்டுச் சாகும்.

1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வேட்டையாடிய ஜோன் நோஸ்லர், தனது மக்னம் துவக்கின் சன்னங்கள் மூஸ் எனும் பெரிய மானின் உடலுக்குள் போதிய ஆழம் செல்லாததைக் கண்டார். அதன்பின் அவர் உருவாக்கிய சன்னத்தின் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. முன்பாதி விரியும், பின்பாதி சிதையாமல் உள்ளே செல்லும். பின்னர் ஈயமே இல்லாத செப்புச் சன்னங்களும் வந்தன. ஈயத் துகள் கலந்த இறைச்சி மிச்சங்களைத் தின்று கொண்டோர் கழுகுகள் நஞ்சேறி இறந்ததால், கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈய ரவைகள் முற்றாகத் தடை.

இத்தனை கவனத்தின் நோக்கம் ஒன்றுதான்: விலங்கு விரைவாக இறக்க வேண்டும்.

டம்டம் முதல் ஹேக் வரை

1895இல் சித்ரால் படையெடுப்பில் தமது புதிய .303 சன்னங்கள் எதிராளியை உடனே வீழ்த்தவில்லை எனப் பிரித்தானியப் படையினர் முறையிட்டனர். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் கப்டன் பெர்டி-கிளே, சன்னத்தின் நுனியில் உலோக உறையை நீக்கி ஈயத்தை வெளியே விட்டார். உடலில் பட்டதும் அது விரிந்து பெருங்காயத்தை உண்டாக்கியது.

1899 ஹேக் மாநாட்டில் இது விவாதத்துக்கு வந்தது. நாகரிகமற்றவர்கள் எனத் தாம் கருதிய மக்களுடன் போரிட இத்தகைய சன்னம் தேவை எனப் பிரித்தானியப் பிரதிநிதி வாதிட்டார். அந்த வாதம் ஏற்கப்படவில்லை. மனித உடலில் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் சன்னங்களைத் தடைசெய்யும் பிரகடனம் 1899 ஜூலை 29இல் கையெழுத்தானது. பிரித்தானியா 1907இல்தான் அதில் இணைந்தது. காயப்பட்ட போராளி ஏற்கெனவே போருக்கு வெளியே இருக்கிறார். அதற்கு மேலான காயம் வெறும் வதை என்பதே தடையின் அடிப்படை.

1998 ரோம் சாசனம் நாடுகளுக்கிடையிலான போரில் இதனைப் போர்க்குற்றமாக்கியது. 2010 கம்பாலா திருத்தம் உள்நாட்டுப் போருக்கும் அதை விரித்தது. இலங்கை ரோம் சாசனத்தில் இணையவில்லை. ஆயினும் இந்தத் தடை உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும் வழக்காற்றுச் சட்டம் என்பது சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் நிலைப்பாடு.

காயம் மட்டும் சாட்சியாகாது

காயம் பெரிதாக இருந்தால் விரியும் சன்னம் எனப் பலர் முடிவு செய்கிறார்கள். இது தவறாகலாம். முழு உறையிட்ட இராணுவச் சன்னமும் உடலுக்குள் புரளும், உடையும், எலும்பைச் சிதறடிக்கும். உறுதியான சான்று சன்னமே. சத்திரசிகிச்சையில் துண்டு எடுக்கப்பட்டால் அதையும் மருத்துவக் குறிப்பையும் கேட்டுப் பெற்றுப் பாதுகாப்பது நல்லது. பழைய எக்ஸ்-றே படங்களைத் திகதியுடன் வைத்திருங்கள்.

உடலில் தங்கிய துண்டு ஈயமாக இருந்தால் இன்னொரு கவனமும் தேவை. தசைக்குள் இருக்கும் ஈயத்தைச் சுற்றி உடல் பெரும்பாலும் உறை கட்டிவிடும். மூட்டுக்குள் இருந்தாலோ மூட்டுத் திரவம் அதைக் கரைத்து, ஆண்டுகள் கழிந்தும் இரத்தத்தில் ஈயத்தைக் கலக்கலாம். காரணம் தெரியாத வயிற்றுவலி, சோர்வு, இரத்தச்சோகை இருந்தால், உடலில் துண்டு இருப்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையில் ஈயத்தின் அளவை அறியலாம்.