மேல்மடையை அடைத்த மருந்து

இலண்டன் மாநகர வைத்தியரான ஆச்சிபால்ட் கரொட் என்பார் 1902ஆம் ஆண்டிலே விந்தையான நோயொன்றைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அல்கப்டனூரியா எனப்படும் அந்நோயுடைய குழந்தையின் சிறுநீர் காற்றுப்பட்டதும் கறுத்துவிடும்; அணையாடையிற் கரிய கறை படியும். இரத்த உறவினர் மணந்துகொண்ட குடும்பங்களில் இது மிகுந்து தோன்றுவதை நோக்கிய அவர், இது கிருமியால் வருவதன்று, உடலின் இரசாயனத் தொழிலில் ஒரு படி பிறவியிலேயே தவறியதால் வருவது எனத் துணிந்தார். பிறவி அனுசேபக் குறைபாடு என்னும் கருத்து இவ்வாறே பிறந்தது.

அப்படி யாது? உண்ணும் புரதத்திலுள்ள தைரோசின் என்னும் அமினோ அமிலம் ஈரலிலே படிப்படியாகச் சிதைகிறது. படி ஒவ்வொன்றையும் ஒரு நொதியம் நடத்துகிறது. ஒரே வாய்க்காலில் அமைந்த பல மடைகளுக்கு இவற்றை ஒப்பிடலாம். நடுமடை திறவாதிருப்பின் அல்கப்டனூரியா உண்டாகும். தேங்கிய அமிலம் மூட்டுகளிற் கரிதாய்ப் படிந்து, நடுவயதிலே முதுகையும் முழங்காலையும் முடக்கும். கடைமடை திறவாதிருப்பின் விளைவு இன்னும் கொடியது. முதல்வகைத் தைரோசினேமியா எனப்படும் அந்நோயிலே நஞ்சு தேங்கி ஈரலை அழிக்கும். குழந்தைகள் பலர் ஓராண்டு நிறையுமுன்னரே மாண்டனர். பத்திய உணவு ஓரளவே உதவிற்று.

இல்லாத நொதியத்தை அளிக்கும் வழி வைத்தியருக்குத் தெரியவில்லை. வழி, எவரும் எதிர்பாராத இடத்திலே, களையாராய்ச்சியிலே கிடைத்தது. 1977இல் கலிபோர்னியாவில், போத்தல் தூரிகை போன்ற செந்நிறப் பூக்களையுடைய அவுஸ்திரேலியச் செடியொன்றின் கீழே களைகள் குறைவாக முளைப்பதை ஓர் ஆராய்ச்சியாளர் கவனித்தார். அச்செடியின் இரசாயனத்தை ஒத்த சேர்வைகள் பல களைகொல்லிகளாக ஆராயப்பட்டன. அவற்றுள் ஒன்றான நிற்றிசினோன், எலிகளின் இரத்தத்திலே தைரோசினைப் பெருக்கிற்று. அது தைரோசின் வாய்க்காலின் மேல்மடை நொதியமொன்றைத் தொழிற்படாது தடுத்ததே காரணம். இவ்வாறு தடுப்பதை நொதிய நிரோதி என்பர்.

களைகொல்லிக்குக் குறையாயிருந்த இவ்வியல்பு, அந்நொதியத்தை முன்னரே ஆராய்ந்திருந்த சுவீடன் அறிஞர் சுவென் லிண்ட்ஸ்டெட்டுக்கு வழிகாட்டிற்று. கடைமடை திறவாதெனின் மேல்மடையை அடைத்துவிட்டால் நஞ்சு உண்டாகாதன்றோ? 1991இலே முதற் குழந்தைக்கு மருந்து கொடுக்கப்பட்டது. ஐந்து நோயாளரிடம் கண்ட நற்பயனை அவரும் துணைவரும் 1992இல் வெளியிட்டனர். அதுவரை, ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையன்றி உறுதியான பரிகாரம் இல்லாதிருந்த நோய் அது.

எனினும் மேல்மடையை அடைத்தால் அதற்கு மேலே வெள்ளம் தேங்குமன்றோ? மிகுந்த தைரோசின் கண்ணின் விழிவெண்படலத்தைப் புண்படுத்தும். ஆதலின் வரத்தைக் குறைக்கவேண்டும். புரதத்தை அளந்தே உண்ணவேண்டும்.

நடுமடை நோய்க்கும் இதே முறை பொருந்தியது. 138 நோயாளரிடம் நடத்திய நான்காண்டுப் பரிசோதனையில், சிறுநீரைக் கறுப்பாக்கும் அமிலம் 99 வீதத்துக்கு மேலாகக் குறைந்தது. 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் அல்கப்டனூரியாவுக்கும் இம்மருந்தை அங்கீகரித்தது. கரொட் எழுதிய கட்டுரைக்கு அப்போது வயது 118.

இம்மருந்து பிறவிக்குறையை நீக்குவதன்று. வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளவேண்டியது. ஈரல் கெடுமுன் தொடங்கினாலே முழுப்பயன் தரும். எனவே, பிறந்த சில நாட்களுள் குழந்தையின் குதிகாலிலிருந்து எடுக்கும் ஒரு துளி இரத்தத்தைச் சோதித்தலும் மருந்தைப் போன்றே இன்றியமையாததாகும்.