பெட்டியில் வந்த எந்திரத்தின் பெறுமதி

அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்திலே லாஹார்ப் என்னும் சிற்றூரில் மோட்டார் வணிகம் நடத்தியவர் பிரெட் கிப். ஓட்டப் போட்டிக்கு ஒரு வண்டி தகுதி பெறவேண்டுமாயின் அவ்வகையில் ஐம்பது வண்டிகளேனும் ஆக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அக்கால விதி. ஆகவே, 1969ஆம் ஆண்டுக்குரிய கமரோ வண்டிகள் ஐம்பதுக்கு அவர் செவர்லே நிறுவனத்திடம் கட்டளை கொடுத்தார். வண்டிகள் வந்தன, விலைச்சீட்டும் வந்தது. எந்திரத்துக்கு மட்டும் 4,160 டொலர்! வண்டியின் அடிப்படை விலையினும் அது மிகுதி. வாங்குவார் அரிதாயினர். பெரும்பாலான வண்டிகள் நிறுவனத்துக்கே திரும்பிச் சென்று, வேறு வணிகர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன.

அந்த எந்திரமே 'இசட்.எல்.1'. 427 கன அங்குலக் கொள்ளளவு. வார்ப்பிரும்புக்குப் பதிலாக முழுவதும் அலுமினிய வார்ப்பு. உருளைகளின் உட்புறத்தில் மட்டும் இரும்புக் குழல்கள். நிறுவனம் ஏட்டிலே குறித்தது 430 குதிரைவலு. உண்மையான வலு 500க்கும் மேற்பட்டது. இதன் இனத்தைச் சேர்ந்த அலுமினிய எந்திரங்களுடன்தான் மக்லாறன் குழுவினர் 1969ஆம் ஆண்டின் கான்-ஆம் போட்டிகள் பதினொன்றையும் வென்றனர். இவ்வெந்திரம் பூண்டு வெளிவந்த கமரோ வண்டிகள் 69. கோர்வெட் வண்டிகள் இரண்டே. அன்று விலைபோகாதிருந்த அவ்வண்டிகள் பிற்காலத்தில் பல இலட்சம் டொலருக்கு ஏலம் போயின.

வண்டியின்றி, மரப்பெட்டியில் வைத்துத் தனியாகவும் இவ்வெந்திரம் போட்டியாளருக்கு விற்கப்பட்டது. அதனை மதிப்பிடுதலே கடினம். தொழிற்சாலையில் வண்டியிலே பூட்டப்பட்ட எந்திரத்தில் அவ்வண்டியின் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும்; பெட்டியில் வந்ததற்கு அந்த இலக்கம் இல்லை. அது எந்த வண்டியோடும் பிறந்ததன்று. ஆகவே வார்ப்பு இலக்கம், வார்த்த தேதி, பழைய விற்பனைச் சீட்டு ஆகியவையே அதற்குச் சாட்சி. உருளைத் தலைகளும் காபுரேட்டரும் அதே காலத்தனவா, உடைந்த அலுமினியம் ஒட்டுவைத்துத் திருத்தப்பட்டுள்ளதா, நீர்வழிகள் அரிக்கப்பட்டுள்ளனவா என்பனவும் ஆராயப்படும். தன் எந்திரத்தை இழந்த வண்டிக்காரன் இத்தகையதையே தேடுவான். அதனைப் பூட்டினாலும், பிறந்த எந்திரத்தோடு நிற்கும் வண்டியின் விலையை அவன் பெறான்.

இங்கேதான் மோசடியும் நுழைகிறது. இலக்கம் பொறிக்கும் சிறு தட்டைப் பரப்பைத் தேய்த்து, வேண்டிய வண்டியின் இலக்கத்தை அதிலே பொறித்துவிட்டால், பெட்டி எந்திரம் ஒரே நாளில் 'பிறந்த எந்திரம்' ஆகிவிடும். தொழிற்சாலைப் பொறி அப்பரப்பிலே விட்டுச்சென்ற மெல்லிய இணைகோடுகள் அழிந்துள்ளனவா என்பதை மதிப்பிடுவோர் விளக்கொளியிலே உற்றுநோக்குவது இதனால்தான். ஆனால் போட்டியிலே உழைத்து, பழுதுபார்ப்பின்போது மேற்பரப்பு நேர்மையாகச் சீவப்பட்ட எந்திரத்திலும் அக்கோடுகள் இரா. கள்வனும் தொழிலாளியும் விடுத்த தடம் ஒன்றே. பழைய சீட்டு கைவசம் இல்லையேல், நன்றாக ஓடும் எந்திரமாயினும் அதன் விலை அங்கேயே குறைக்கப்படுகிறது.