பிள்ளைப்பேற்றின் கணக்கு

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைத் தாயுமானவரின் கதையை நாம் எல்லோரும் அறிவோம். காவிரியில் வெள்ளம் பெருகித் தாய் அக்கரையிலேயே நின்றுவிட, வலியில் தவித்த ரத்னாவதிக்குச் சிவபெருமானே தாயின் உருவில் வந்து மருத்துவம் பார்த்தார் என்பது தலபுராணம். பக்தியின் வழி வந்த இக்கதைக்குள் ஒரு சமூக வரலாறும் ஒளிந்திருக்கிறது. தலைப்பிரசவத்தின் பொறுப்பும் செலவும் தாய்வீட்டுக்கு உரியவை. தாய்வீடு வர இயலாதபோது அப்பெண் கேட்பாரற்றவளாகிறாள். தெய்வம் வந்து சேராத வீடுகளில் அந்தச் செலவை யார் ஏற்றார்கள்? கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை முன்னிறுத்தி இக்கேள்வியைச் சற்றே பின்தொடர்வோம்.

வெள்ளாறும் கொள்ளிடமும் வீராணம் ஏரியும் வளப்படுத்தும் சிதம்பரம் பகுதி, நெல்லின் பூமி. ஊர்த் தொழிலாளருக்குக் கூலியும் நெல்லாகவே அளக்கப்பட்டது. மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண். 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளும் இதைப் பதிவு செய்துள்ளன. அறுவடையின்போது களத்துமேட்டில் அவர் குடும்பத்துக்கு ஒரு பங்கு. பேறு முடிந்தபின் வெற்றிலை பாக்கோடு கொஞ்சம் அரிசி, ஒரு புடவை, சில்லறைக் காசு. உதிரத்தையும் தொப்புள்கொடியையும் தீட்டென்று ஒதுக்கிய சமூகம், அவற்றைத் தொட்டவரின் கைத்திறனுக்கு இட்ட விலை அவ்வளவுதான்.

ஊதியத்தை நெல்லில் அளப்பது நம்மிடம் மிகப் பழைய வழக்கம். பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையின் மருத்துவருக்கும் பணியாளர்களுக்கும் உரியதை நெல்லாகவும் காசாகவும் வரையறுக்கிறது. வீடு தேடி வந்த மருத்துவச்சியின் கூலியோ கல்லில் ஏறவில்லை. வாய்மொழி வழக்காகவும் கொடுப்பவரின் மனப்போக்காகவுமே நின்றது.

ஆங்கிலேயர் காலத்தில் இக்கணக்குக்குள் அரசு நுழைந்தது. சென்னையில் 1844இல் மகப்பேறு மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1926இல் சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பதிவு பெற்றவர், பெறாதவர் என்று மருத்துவச்சிகள் இரு வகையாயினர். பேறுகாலக் காய்ச்சலும் பச்சிளங் குழந்தைகளின் இசிவு நோயும் உயிர்களைக் கொண்டுபோன காலம் அது. ஆகவே பயிற்சியும் தூய்மையும் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால், தலைமுறைகளாகக் கைமாறி வந்த திறனுக்குள் காக்கத் தக்கது எது, தள்ளத் தக்கது எது என்று பிரித்தறியும் பொறுமை போதிய அளவு இருந்ததா என்பது வேறு கேள்வி.

இதே காலத்தில் உலகின் பிற பகுதிகளில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுத் தேசியக் காப்பீட்டுச் சட்டம், பேறுகால உதவியாக 30 ஷில்லிங் வழங்கியது. முதலில் அத்தொகை கணவன் கையில் போய்ச் சேர்ந்தது. உழைக்கும் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்தினர் போராடிய பின்னரே, 1913இல் அது தாயின் உடைமை என்று சட்டம் திருத்தப்பட்டது. 1919இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, பணிபுரியும் பெண்ணுக்கு மருத்துவர் அல்லது சான்று பெற்ற மருத்துவச்சியின் உதவி கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்று உடன்படிக்கையில் எழுதியது.

சென்னை மாகாணம் 1934இல் தனக்கென ஒரு மகப்பேறு உதவிச் சட்டத்தை இயற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் 1961இல் வந்தது. வேலை கொடுப்பவர் இலவச மருத்துவ வசதி செய்து தராவிட்டால், விடுப்புக்கால ஊதியத்தோடு மருத்துவத்துக்கென ஒரு தொகையும் தர வேண்டும் என்றது அச்சட்டம். தொடக்கத்தில் 25 ரூபாயாக இருந்த அத்தொகை 2011இல் 3,500 ஆகியது. இவையெல்லாம் வேலை கொடுப்பவர் இன்னார் என்று சுட்டிக்காட்டக்கூடிய பெண்களுக்கே பயன்பட்டன. புவனகிரியில் நடவு நடுபவளுக்கும், பண்ணுருட்டியில் முந்திரிக்கொட்டை உடைப்பவளுக்கும், பரங்கிப்பேட்டையில் மீன்கூடை சுமப்பவளுக்கும் அச்சட்டங்கள் எட்டாத உயரத்திலேயே இருந்தன.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தது, 1987இல் தமிழக அரசு தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். முதலில் 300 ரூபாய், பின்னர் 500. 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என அது வளர்ந்தது. கடைசித் தொகையில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகத் தரப்பட்டது. வேலைக்குப் போக முடியாத நாள்களின் கூலியை ஈடுசெய்வதும் தாயின் உணவுமே இதன் நோக்கம். பிள்ளைப்பேறு குடும்பத்தின் செலவு மட்டுமன்று, சமூகத்தின் கடனும்கூட என்று ஒப்புக்கொண்டதே இத்திட்டத்தின் பெருமை என்போம்.

ஆனால் பணத்தோடு நிபந்தனைகளும் வந்தன. மத்திய அரசு 1995இல் தொடங்கிய மகப்பேறு உதவி, குழந்தை எங்கே பிறந்தாலும் கிடைத்தது. 2005இல் அதன் இடத்துக்கு வந்த ஜனனி சுரக்‌ஷா திட்டம் தொகையைப் பிறக்கும் இடத்தோடு பிணைத்தது. தமிழ்நாட்டில் சிற்றூர்ப் பெண் மருத்துவமனைக்குச் சென்றால் 700 ரூபாய். வீட்டிலேயே பெற்றால் 500. மாநிலத் திட்டத்திலும் ஒரு தவணை அரசு மருத்துவமனைப் பேற்றுக்கே உரியதாயிற்று. மருத்துவச்சியின் தொழிலை இது பாதித்தது. தவணைக் கணக்கே அவரை மெல்ல ஓரங்கட்டியது.

இதனால் விளைந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. தாய்மார் இறப்பு மிகக் குறைந்த மாநிலங்களுள் நம்முடையதும் ஒன்று. இருப்பினும், மாநிலத் திட்டம் 19 வயது நிறையாதவளையும் மூன்றாம் பேற்றுக்காரியையும் வெளியே நிறுத்தியது. இளவயதில் மணமுடிக்கப்பட்ட பெண்ணுக்கே ஊட்டமும் உதவியும் கூடுதலாகத் தேவை என்பதை யார்தான் மறுப்பர்?

‘இலவசம்’ என்ற சொல்லுக்கும் அடிக்குறிப்பு தேவைப்பட்டது. 1995இல் சென்னையில் களஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் செசிலியா வான் ஹோலன், அரசு மருத்துவமனைகளில் ஏழைப் பெண்களிடம் கேட்கப்பட்ட கையூட்டுகளைத் தம் நூலில் எழுதியிருக்கிறார். வண்டிச் சத்தம், துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, இழந்த கூலி ஆகியவை எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவை. மேற்சொன்ன ஆய்வின்படி தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காட்டுப் பேறுகள் அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தவை. அதற்கான செலவு குடும்பங்களின் தலைமேல்தான்.

1985இல் தொடங்கப்பட்ட சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021இல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக மாறியதை இப்பின்னணியில் வைத்துக் காண வேண்டும். பெரிய மருத்துவமனை ஒன்று அரசின் கணக்கில் சேர்வது, கொள்ளிடக் கரை ஏழைகளுக்குச் சிறிய செய்தியன்று.

2018இல் மத்திய அரசு, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளே இயல்பான பேறுகளை முன்னின்று நடத்தலாம் என வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒதுக்கப்பட்டவரின் தொழில் புதிய சீருடையில் திரும்புகிறது போலும். நம் வீடுகளில் இன்னும் இருக்கும் முதியவளிடம், அவள் பிள்ளை பெற்றபோது மருத்துவச்சிக்குக் கொடுத்தது என்னவென்று வாசகர்கள் ஒருமுறை கேட்டு எழுதி வைக்கலாம். கல்வெட்டில் ஏறாத அந்தக் கூலியை இனியாவது நாம் காகிதத்திலேனும் ஏற்றி வைப்போம்.