ஆல்புமினும் புரதமும்

கேரளத்தின் இடப்பள்ளியில் இருக்கும் என் அத்தை, சிறுநீர்ச் சோதனைச் சீட்டில் ‘ஆல்புமின்’ என்று பார்த்துவிட்டு, “முட்டை தின்னதாலயா?” என்றார். கேள்வியில் தப்பில்லை. லத்தீனில் ஆல்புமென் என்றால் முட்டை வெள்ளைக்கரு; அதன் வேருக்கு ‘வெள்ளை’ என்று பொருள். சோதனைக்குழாயில் சிறுநீரைக் காய்ச்சினால் அதில் உள்ள புரதம் வெள்ளையாகத் திரளும். பழைய சோதனை அதுதான். ‘புரோட்டீன்’ என்ற பெயர் 1838இல் வேதியியலாளர் பெர்சீலியஸ் சொல்லி, சக வேதியியலாளர் முல்டர் வைத்தது. கிரேக்க வேருக்கு ‘முதன்மை’ என்று பொருள். அதன் ஒலியைத் தழுவியதே நம் ‘புரதம்’. அத்தை ஊர் மலையாளம் ‘மாம்ஸ்யம்’ என்கிறது, மாம்சத்திலிருந்து. துவரம்பருப்புக்கு அது எப்படிப் பொருந்துமோ! ஆல்புமினை ‘வெண்கரு’ என்று மொழிபெயர்த்தால் நோயாளி முட்டையைத்தான் நிறுத்துவார். புரதம் பொதுப்பெயர், கல்லீரல் ரத்தத்தில் விடும் ஆல்புமின் அதில் ஒன்று. இரண்டையும் ஒன்றாக்காமல் எழுதுங்கள்.